பத்துத் தேக்கரண்டி எஞ்சின்

அம்ஸ்டர்டாமிலிருந்து குரோனிங்கன் போகும் ரயிலில் எதிர் இருக்கை அம்மையார் நான் எங்கே இறங்குகிறேன் என்று விசாரித்தார். அசன் என்றேன். "டி.டி. மோட்டார் சைக்கிள் பந்தயத்துக்கா? அது ஜூன் கடைசியில் அல்லவா?" என்றார். நாங்கள் பேசிக்கொண்டிருந்தது மே மாதத்தில். பந்தயம் இல்லாத நாளில் பந்தயத் தடத்தைப் பார்க்க வந்திருக்கும் ஆள் என்று தெரிந்ததும் அனுதாபமாகத் தலையை ஆட்டிவிட்டு, பையிலிருந்து ரொட்டியை எடுத்துச் சாப்பிட ஆரம்பித்துவிட்டார்.

யமாத்தி என்ற பெயரைக் கேள்விப்பட்டிருக்கிறாரா என்றும் கேட்டுவைத்தேன். இல்லை. அதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. அது ஹோண்டாவோ யமஹாவோ அல்ல. 1960களில் அம்ஸ்டர்டாமில் யான் தீல், மார்ட்டின் மைவார்ட் என்ற இரண்டு நண்பர்கள் கட்டிய பந்தய வண்டி. யான், மார்ட்டின், தீல் மூன்றிலிருந்தும் முதலெழுத்துகளைப் பிய்த்துச் சேர்த்துப் பெயர் வைத்துக்கொண்டார்கள். எஞ்சினின் கொள்ளளவு 50 சி.சி. மருந்து அளக்கும் தேக்கரண்டியால் பத்து முறை ஊற்றினால் சிலிண்டர் நிரம்பிவிடும். அதை வைத்துக்கொண்டு இந்த இருவரும் உலகப் பந்தயங்களில் முதலிடம் பிடித்தார்கள் என்பதுதான் என்னை இந்த ரயிலில் ஏற்றியது.

லேலிஸ்டாட் பக்கம் ரயில் ஓடுவது கடலுக்குள். அதாவது, கடலாக இருந்த இடத்தில். அணை கட்டித் தடுத்து, நீரை இறைத்துவிட்டு, போன நூற்றாண்டில் உண்டாக்கிய நிலம் அது. அளவுகோல் வைத்துக் கோடு போட்டதைப்போல வாய்க்கால்களும் வயல்களும். ஸ்வொல்ல கடந்து ட்ரெந்தே மாகாணத்துக்குள் நுழைந்த பிறகுதான் நிலம் தன் இஷ்டத்துக்கு வளைகிறது. கரிச்சேற்று நிலமும் புதர்க்காடும் ஆட்டு மந்தையுமாக இருந்த பகுதி. நெதர்லாந்தின் வறிய மூலை என்று நீண்ட காலம் பெயர் வாங்கியிருந்தது. பந்தயம் இங்கே வந்ததற்கும் அந்த வெறிச்சோடிய நிலம் உதவியது. 1925 ஜூலை 11 அன்று ரோல்டே, போர்கர், ஸ்கோன்லோ கிராமங்களை இணைத்து 28.4 கிலோமீட்டர் சுற்றுப்பாதையில் முதல் டச்சு டி.டி. நடந்தது. பாதி தூரம் செங்கல் பாவிய சாலை, மீதியில் மண்ணும் உண்டு. 500 சி.சி. பிரிவில் நார்ட்டன் வண்டியில் வந்த பீட் வான் வைன்கார்டன் சராசரி 91.4 கிலோமீட்டர் வேகத்தில் வென்றார். அந்தச் சாலையில் அந்த வேகம் என்பதை நினைத்தாலே எனக்கு இடுப்பு வலிக்கிறது.

மறு ஆண்டே பந்தயம் அசன் ஊர்ப்பக்கம் நகர்ந்துவிட்டது. நடந்த கிழமை சனி. ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்கானது என்பதில் அந்த ஊர் உறுதியாக இருந்தது. உலகம் முழுக்க ஞாயிறன்று பந்தயம் ஓடிக்கொண்டிருக்க, அசன் மட்டும் 2015 வரை சனிக்கிழமையை விட்டுக்கொடுக்கவில்லை.

ரயில் நிலையத்திலேயே வாடகைக்கு சைக்கிள் கிடைக்கிறது. தெற்கே அரைமணி நேரம் மிதித்தால் தடம் வந்துவிடும். 1955இல் கட்டியபோது அதன் சுற்று 7.7 கிலோமீட்டர். 2006இல் வடக்கு வளையத்தை வெட்டியெறிந்து நாலரை கிலோமீட்டராகச் சுருக்கிவிட்டார்கள். பழைய ரசிகர்கள் அதை இன்னும் மன்னிக்கவில்லை. ராம்ஸ்ஹுக், மேயுவன்மேர், ஹோக ஹெய்ட என்று ஒவ்வொரு வளைவுக்கும் பக்கத்து வயல், குட்டை, மேட்டின் பெயர். நான் போன அன்று யாரோ சாதாரண ஆட்கள் தங்கள் சொந்த வண்டிகளில் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்தார்கள். புல்மேட்டில் ஏறி உட்கார்ந்து பார்க்கலாம், யாரும் தடுக்கவில்லை. 1000 சி.சி. வண்டிகள் அலறிக்கொண்டு போயின. அந்த இரைச்சலுக்கு நடுவே, 1968 ஜூனில் இதே தடத்தில் பத்துத் தேக்கரண்டி எஞ்சின் என்ன சத்தம் போட்டிருக்கும் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். உறுமியிருக்காது. கொசுவின் ரீங்காரத்தைப் பெருக்கிவிட்டதுபோல ஒரே கீச்சாக இருந்திருக்கும்.

அன்று 50 சி.சி. பந்தயத்தில் ஜெயித்தவர் பால் லோடவைக்ஸ், டச்சு இளைஞர். வண்டி யமாத்தி. சொந்த நாட்டுக்காரர், சொந்த நாட்டு எஞ்சின், சொந்த மண். அந்த ஆண்டு உலகப் பட்டியலில் அவருக்கு இரண்டாமிடம். முதலிடம் ஜெர்மனியின் ஹான்ஸ் கியோர்க் ஆன்ஷைட்டுக்கு. அவர் கையில் இருந்தது சுசுகியின் இரட்டைச் சிலிண்டர் வண்டி. யமாத்திக்கு ஒரே சிலிண்டர். இந்த வேறுபாட்டைக் கொஞ்சம் விரித்துச் சொன்னால்தான் லோடவைக்ஸின் வெற்றி எவ்வளவு பெரியது என்று புரியும்.

50 சி.சி. பிரிவுக்கு உலகச் சாம்பியன் பட்டம் வந்தது 1962இல். அதன் முதல் சாம்பியன் எர்ன்ஸ்ட் டேக்னர். அதற்கு முந்தைய ஆண்டு வரை அவர் கிழக்கு ஜெர்மனியின் எம்.இசட். நிறுவனத்துக்கு ஓட்டிக்கொண்டிருந்தவர். அங்கே வால்டர் காடன் என்ற பொறியாளர் டூ-ஸ்ட்ரோக் எஞ்சினின் ரகசியத்தைப் பிடித்துவைத்திருந்தார். ரகசியம் எஞ்சினுக்குள் இல்லை, புகைக்குழாயில் இருந்தது. நடுவில் பருத்து முனையில் குறுகும் குழாய் ஒன்றைப் பொருத்தினால், வெளியேறும் புகையின் அழுத்த அலை அந்தக் குறுகலில் மோதித் திரும்பி வரும். எரியாமல் தப்பி ஓடப்பார்க்கும் பெட்ரோல் கலவையை மறுபடி சிலிண்டருக்குள் தள்ளும். 1961 ஸ்வீடன் பந்தயத்தின்போது டேக்னர் மேற்குப் பக்கம் தப்பி ஓடிவிட்டார். காடனின் வித்தை அவரோடு சுசுகிக்குப் போய்ச் சேர்ந்தது. அடுத்த ஆண்டே சுசுகி சாம்பியன். உளவுக் கதை எழுதுகிறவர்கள் ஏன் இதை இன்னும் விட்டுவைத்திருக்கிறார்கள் என்று தெரியவில்லை.

அந்த அலை சரியான நேரத்தில் திரும்பி வருவது, எஞ்சின் ஒரு குறிப்பிட்ட வேகத்தில் சுற்றும்போது மட்டும்தான். அந்த வேகத்துக்குக் கொஞ்சம் குறைந்தாலும் கூடினாலும் வண்டி தூங்கிவிடும். ஆகவே எஞ்சினை எப்போதும் அந்தச் சிறிய எல்லைக்குள்ளேயே வைத்திருக்க கியர்களைக் கூட்டிக்கொண்டே போனார்கள். 1967இல் சுசுகியின் 50 சி.சி. வண்டிக்கு 14 கியர். ஹோண்டாவோ நான்கு-ஸ்ட்ரோக்கில் இரட்டைச் சிலிண்டர் வைத்து நிமிடத்துக்கு 20,000 சுற்றுக்கு மேல் ஓட்டியது. ஒவ்வொரு பிஸ்டனும் விரல் நுனியில் நிற்கும் அளவு. இந்தப் போட்டியில் பணமும் ஆட்களும் உள்ள ஜப்பானியர்களைத் தவிர வேறு யாராலும் நிற்க முடியவில்லை. பிறகு அவர்களே ஒவ்வொருவராக விலகிக்கொண்டார்கள். 1969 முதல் 50 சி.சி.யில் ஒரே சிலிண்டர், அதிகபட்சம் ஆறு கியர் என்று சர்வதேச மோட்டார் சைக்கிள் சம்மேளனம் விதி போட்டது.

அந்த விதியைத்தான் சிறு பட்டறைக்காரர்களுக்கு அடித்த யோகம் என்று சொல்ல வேண்டும். பதினான்கு கியர் இருந்தால் மோசமான எஞ்சினையும் மறைத்துவிடலாம். ஆறு கியரில் மறைக்க முடியாது. எஞ்சின் கொஞ்சம் பரந்த வேகத்துக்கு வலு கொடுத்தே ஆக வேண்டும். அதற்குத் தேவைப்பட்டது தொழிற்சாலை அல்ல. சிலிண்டரில் கலவை போய்வரும் துளையின் ஓரத்தை அரத்தால் ராவி, ஓட்டிப் பார்த்து, மறுபடி ராவும் பொறுமை. யான் தீலுக்கும் மைவார்ட்டுக்கும் அது தாராளமாக இருந்தது. விதி வருவதற்கு முந்தைய ஆண்டே, சுசுகி வண்டி இன்னும் களத்தில் இருக்கும்போதே, ஒற்றைச் சிலிண்டரால் அசனில் ஜெயித்துக் காட்டிவிட்டார்கள் என்பதுதான் எனக்கு ஆச்சரியம்.

அந்தப் பொறுமையை அவர்கள் எங்கே கற்றார்கள் என்பதற்கு அம்ஸ்டர்டாம் தெருக்களில்தான் பதில். அந்த நாட்டில் அப்போது பதினாறு வயதானால் மொபெட் ஓட்ட முடிந்தது. ஓட்டுநர் உரிமம் தேவைப்படவில்லை. வேகம் மணிக்கு 40 கிலோமீட்டர்தான் என்று சட்டம் இருந்தது. பதினாறு வயதுப் பையனிடம் ஒரு எஞ்சினையும் ஒரு தடையையும் சேர்த்துக் கொடுத்தால் என்ன நடக்கும்? சனிக்கிழமை மதியம் கொல்லைப்புறத்தில் சிலிண்டர் தலையைக் கழற்றுவான். அப்படிக் கழற்றிய தலைமுறைதான் அது. கிராமத்துப் பையன்களிடம் க்ரைட்லரும் சுண்டாப்பும், நகரத்துப் பையன்களிடம் பூக். எந்த வண்டி என்பதை வைத்தே ஆளை எடைபோட்டார்கள். அந்தப் பட்டாளத்திலிருந்து வந்தவர்கள்தான் இந்த இருவரும்.

அதே அம்ஸ்டர்டாமில் அவர்களுக்குப் போட்டியும் இருந்தது. ஜெர்மானிய க்ரைட்லர் வண்டிகளை இறக்குமதி செய்து விற்ற ஹெங்க் வான் வேன், பந்தய அணியையும் தன் கையில் எடுத்தார். அவருக்குப் பின்னால் விற்பனைப் பணம் இருந்தது. யமாத்திக்குப் பின்னால் அப்படி யாருமில்லை. 1969 பருவம் இந்தச் சிறிய உலகத்துக்கு உச்சக்கட்டம். தொடக்கத்தில் க்ரைட்லரில் ஆல்ட் தூர்சென் அடுத்தடுத்து ஜெயித்தார். கடைசியில் லோடவைக்ஸ் யமாத்தியை எடுத்துக்கொண்டு பிர்னோ, இமோலா, ஒப்பாத்தியா மூன்றிலும் முதலிடம் பிடித்தார். தொடக்கத்திலும் முடிவிலும் டச்சுக்காரர்கள் ஜெயித்த ஆண்டில் பட்டம் போனது ஸ்பெயின்காரர் ஆன்ஹெல் நியெத்தோவுக்கு, டெர்பி வண்டியில். அவருக்கு 76 புள்ளி, தூர்செனுக்கு 75.

அடுத்த ஆண்டு தூர்சென் யமாத்திக்கு வந்தார். மறுபடியும் இரண்டாமிடம். முதலிடத்தில் மறுபடியும் நியெத்தோ. லோடவைக்ஸ் அதற்குள் களத்தில் இல்லை. சாலை விபத்து ஒன்று அவருடைய பந்தய வாழ்க்கையை முடித்துவிட்டது. மணிக்கு 160 கிலோமீட்டரில் கட்டைவிரல் பருமன் டயரில் பறந்தவர். ஊர்ச் சாலையில் அடிபட்டார்.

அசனிலிருந்து ஹோகாலன் வரை சைக்கிளில் போய்வந்தேன். 1926 முதல் 1954 வரை பந்தயம் ஓடிய பழைய பாதை அந்தப் பக்கம்தான். இப்போது பால் வண்டியும் பள்ளிப் பிள்ளைகளும் போகும் சாலை. ஊரைத் தாண்டிய காட்டுக்குள் வெஸ்டர்போர்க் முகாம் இருந்த இடம் வருகிறது. நாஜிகள் 1942க்கும் 1944க்கும் இடையில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட யூதர்களை இங்கிருந்து ரயிலேற்றிக் கிழக்கே அனுப்பினார்கள். 1940 முதல் 1945 வரை டி.டி. நடக்கவில்லை என்று பந்தயக் குறிப்புகளில் ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். அந்த ஒரு வரிக்கு அருகில் நின்றபிறகு, அன்று எனக்கு எஞ்சின் பற்றி யோசிக்க மனம் வரவில்லை. திரும்பி வந்து படுத்துவிட்டேன்.

யமாத்தியைக் கண்ணால் பார்த்தது இன்னும் தெற்கே, ஹெல்டர்லாந்து மாகாணத்தின் ஹெங்கலோவில். (இதே பெயரில் ட்வென்டே பக்கம் பெரிய ஊர் ஒன்று இருக்கிறது. ரயில் டிக்கெட் எடுக்கும்போது கவனம் வேண்டும். சின்ன ஹெங்கலோவுக்கு ரயிலே கிடையாது.) அங்கே கிராமச் சாலைகளை வைக்கோல் பொதிகளால் மறித்து, பழைய பந்தய வண்டிகளை ஓட்டிக் காட்டுகிறார்கள். புல்வெளியில் வரிசையாகக் கூடாரங்கள். காற்றில் ஆமணக்கெண்ணெய் கருகும் வாசனை. அந்தக் காலத்து டூ-ஸ்ட்ரோக் எஞ்சின்களுக்குப் பெட்ரோலில் ஆமணக்கெண்ணெய் கலந்துதான் ஊற்றுவார்கள். எவ்வளவு சூட்டிலும் பிஸ்டனை விட்டு வழுவாது. வயிற்றைச் சுத்தப்படுத்தக் கொடுத்த எண்ணெயின் புகையை வெள்ளைக்காரர்கள் கண்ணை மூடி ரசித்து இழுக்கிறார்கள். வாசனைக்கும் நினைவுக்கும் உள்ள உறவு ஆளாளுக்கு வேறு.

வண்டியைப் பார்த்ததும் முதலில் தோன்றியது, இது பெரியவர்களுக்கானதா என்பதுதான். இருக்கை என் முழங்கால் உயரம். பெட்ரோல் டாங்க் முன்கையை நீட்டிவைத்தால் மறைந்துவிடும். ஓட்டுபவர் தாடையை அதன்மேல் அழுத்தி, முழங்கைகளைத் தொடைக்குள் மடக்கி, காற்றுக்குக் காட்டாமல் உடம்பை ஒளித்துக்கொள்ள வேண்டும். வண்டியை வைத்திருந்தவர் எழுபதைத் தாண்டியவர். என்னை வைத்துக்கொண்டே ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினார். கழுத்தில் தொங்கிய பூதக்கண்ணாடியை எடுத்துப் பீங்கானின் அடிப்பகுதியைப் பார்த்தார். எனக்கும் காட்டினார். இளம்பழுப்பு.

"வெளுத்திருந்தால் பெட்ரோல் போதவில்லை என்று அர்த்தம். அடுத்த சுற்றில் பிஸ்டனில் ஓட்டை விழும். கறுத்திருந்தால் பெட்ரோல் அதிகம், வண்டி இழுக்காது. காலையில் பனி, மதியம் வெயில். காற்று மாறினால் கார்புரேட்டரின் ஜெட்டையும் மாற்ற வேண்டும்" என்றார்.

"கம்ப்யூட்டர் எதுவும்..."

"இதோ" என்று பூதக்கண்ணாடியைத் தூக்கிக் காட்டினார்.

எஞ்சினின் வலப்பக்க மூடியைத் திறந்து வைத்திருந்தார்கள். உள்ளே கிராங்க் தண்டின் நுனியில் மெல்லிய எஃகுத் தட்டு. விளிம்பில் கால்வாசிக்குமேல் வெட்டி எடுத்திருந்தது. தட்டு சுழன்று அந்த வெட்டு கார்புரேட்டர் வாய்க்கு நேரே வரும்போது மட்டும் கலவை உள்ளே போகும். சாதாரண டூ-ஸ்ட்ரோக்கில் பிஸ்டனே மேலும் கீழும் போய்த் துளைகளைத் திறந்து மூடுகிறது. திறக்கும் நேரத்தை மாற்றினால் மூடும் நேரமும் கூடவே மாறிவிடும். தட்டு இருந்தால் இரண்டையும் தனித்தனியாக வைத்துக்கொள்ளலாம். தட்டின் ஓரத்தை ஒரு மில்லிமீட்டர் ராவினால் வண்டியின் குணமே மாறும் என்றார் பெரியவர். அந்த ஓரத்தில் அரத்தின் கீறல்கள் கண்ணுக்குத் தெரிந்தன. யார் கை ராவியது என்று கேட்டேன். "இது நான்" என்றார், கொஞ்சம் தயங்கி. "ஆனால் எங்கே ராவக் கூடாது என்று அவர்கள் எப்போதோ கண்டுபிடித்துவிட்டார்கள்."

யமாத்தி என்ற பெயர் நீண்ட காலம் நிற்கவில்லை. 1971இலும் 1973இலும் யான் டெ வ்ரீஸ் வான் வேனின் க்ரைட்லரில் சாம்பியன் ஆனார். 1973இல் ஹாக்கன்ஹைமில் தேயோ டிம்மர் யமாத்தியில் ஜெயித்தார். பெரிய பந்தயங்களில் அந்த வண்டிக்கு முதலிடம் வந்த கடைசி வேளைகளில் ஒன்று. காசு இல்லாமல் இதற்குமேல் இழுக்க முடியாத நிலை. உள்நாட்டுச் சந்தையிலும் காலம் மாறிக்கொண்டிருந்தது. 1975இல் மொபெட் ஓட்டுபவர்களுக்குத் தலைக்கவசம் கட்டாயமானதும் பையன்களுக்கு அந்த வண்டிகளின்மேல் இருந்த மோகமே குறைந்தது.

இங்கே கதையை முடிப்பவர்கள் பாதியைத்தான் சொல்கிறார்கள் என்பேன். தீலும் மைவார்ட்டும் பெட்டியைக் கட்டிக்கொண்டு இத்தாலியின் பேசரோ நகருக்குப் போனார்கள். மரச்சாமான் தொழிலில் சம்பாதித்த பியோவாத்திச்சி என்பவர் தம் பெயரில் பந்தய வண்டி வேண்டும் என்று ஆசைப்பட்டிருந்தார். 1975இல் அவர்கள் கட்டிய 50 சி.சி. வண்டியில் யூஜெனியோ லாத்சரீனி உலகில் இரண்டாமிடம் வந்தார். மரச்சாமான் பணமும் தீர்ந்தது. வண்டியும் வித்தையும் சேர்ந்து ஸ்பெயினின் புல்தாக்கோ நிறுவனத்துக்குக் கைமாறின. 1976, 1977 இரண்டு ஆண்டும் 50 சி.சி. பட்டம் புல்தாக்கோவுக்கு. ஓட்டியவர் ஆன்ஹெல் நியெத்தோ.

அதே நியெத்தோதான். ஒற்றைப் புள்ளியில் டச்சுக்காரர்களிடமிருந்து பட்டத்தைப் பறித்தவர். அடுத்த ஆண்டு யமாத்தியை இரண்டாமிடத்துக்குத் தள்ளியவர். தன்னிடம் தோற்ற பட்டறைக்காரர்களின் வண்டியிலேயே ஏறி உட்கார்ந்தார். அதோடும் நிற்கவில்லை. தீல் பிறகு இத்தாலியின் மினரெல்லி நிறுவனத்துக்குப் போனார். 1981இல் நியெத்தோ அந்த வண்டியில் 125 சி.சி. சாம்பியன். மினரெல்லி பந்தயத்திலிருந்து விலகியதும் அதே வண்டி கரெல்லி என்ற பெயரில் தொடர்ந்தது. 1982, 1983, 1984 மூன்று ஆண்டும் நியெத்தோ. அதன்பின் ஃபாவுஸ்தோ கிரெசீனி, லூக்கா கதலோரா, மறுபடி கிரெசீனி என்று 1987 வரை கரெல்லி விடவில்லை. பதின்மூன்று முறை உலகச் சாம்பியனான நியெத்தோவுக்கு அந்த எண்ணின்மேல் பயம். பன்னிரண்டும் ஒன்றும் என்றுதான் சொல்வார். தீல் 1990களில் அப்ரிலியாவுக்குப் போய், அங்கும் டூ-ஸ்ட்ரோக் எஞ்சின்களைத்தான் ராவிக்கொண்டிருந்தார்.

உலகப் பட்டம் வென்ற வண்டிகளின் பட்டியலில் யமாத்தி என்ற பெயர் ஒரு முறைகூட இல்லை. அதை வைத்து இந்த இருவரையும் தோற்றவர்கள் என்று எழுதியிருப்பதைப் படித்திருக்கிறேன். எனக்கு அது கணக்குத் தெரியாதவர்களின் தீர்ப்பாகத்தான் படுகிறது. டாங்கில் எழுதியிருக்கும் பெயரைப் பார்த்தே வரலாறு எழுதினால் இப்படித்தான் ஆகும். முதலாளிகள் பெயரை ஒட்டினார்கள், பணம் தீர்ந்ததும் உரித்துக்கொண்டு போனார்கள். துளையை ராவிய கை மாறவில்லை.

ஹெங்கலோவில் மதிய இடைவேளைக்குப் பிறகு 125 சி.சி. வண்டிகளைக் கூப்பிட்டார்கள். பெரியவர் பூதக்கண்ணாடியைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு என்னையும் சாலையோரம் இழுத்துப் போனார். இரட்டைச் சிலிண்டர் கரெல்லி ஒன்றை இருவர் தள்ளிக்கொண்டு ஓடினார்கள். நாலாவது எட்டில் எஞ்சின் பிடித்துக்கொண்டது. "இதுவும் எங்கள் வண்டிதான்" என்று என் காதருகே வந்து கத்தினார். கையிலிருந்த நிகழ்ச்சி நிரலைப் புரட்டிப் பார்த்தேன். கரெல்லிக்கு நேரே இத்தாலி என்று அச்சிட்டிருந்தார்கள்.